கிண்ணக்குழிக் காரிடம் சொன்னது

கிண்ணக்குழியில் ஒரு கார் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றும், ஐப்பசி பிறந்து பனி இறங்க ஆரம்பித்த நாளிலிருந்து, யாராவது ஒருவர் அதன் முன்னால் நின்று தான் வெட்கப்படுகிற காரியம் ஒன்றை வாய்விட்டுச் சொன்னால்தான் காலையில் கிளம்பியது. சொல்லாவிட்டால் கிளம்பவில்லை. ஊர்க்காரர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. மேலத்தெருவில் ஒரு பசு ரேடியோ பாடினால்தான் பால் சொரியும், ஓடைக்கரையில் ஒரு மோட்டார் ஓங்கி ஓர் உதை வாங்கினால்தான் தண்ணீர் எடுக்கும், அந்த வரிசையில் இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். ஆச்சரியப்பட்டவர் ஒரே ஒருவர்தான், மெக்கானிக் சூசைமாணிக்கம். அந்தக் கார் குளிரில் ஏன் கிளம்பவில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும். வெட்கத்தைச் சொன்னால் ஏன் கிளம்புகிறது என்பது அவருக்கும் தெரியாது.

கொடைக்கானலுக்கும் அப்பால், மலை தன் மடியில் ஒரு சட்டியை வைத்துக்கொண்ட மாதிரி ஒரு பள்ளம். சட்டியின் அடியில் இருபது வீடுகள். வீடுகளைச் சுற்றிப் படிப்படியாகப் பூண்டு வயல். மற்ற மலையூர்களில் வண்டி வைத்திருப்பவன் சாயங்காலம் இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, டயருக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்துவிட்டுப் படுக்கப் போவான். காலையில் கல்லை உருவினால் வண்டி உருளும், உருளுகிற வேகத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கிண்ணக்குழியில் அந்தப் பாச்சா பலிக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடு. கார் தானாகக் கிளம்பினால் உண்டு, இல்லாவிட்டால் பஸ் வருகிற ரோட்டுக்கு ஆறு மைல் ஏற்றமும் நடையும்தான்.

கார் தவமணியுடையது. புருஷன் போன பிறகு அதை விற்றுவிடச் சொன்னவர்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில், இரண்டு வேலியையும் ஒரு குளியலறைச் சுவரையும் சாய்த்து ஓட்டக் கற்றுக்கொண்டவள். போன தை மாதம், நல்ல பனியில், முத்துக்காளை என்பவர் ராத்திரியெல்லாம் வாந்தியும் பேதியுமாகத் துவண்டு கிடக்க, விடிய ஒரு நாழிகை இருக்கும்போது அவர் மனைவி செவந்தி ஓடிவந்து தவமணி வீட்டுக் கதவைத் தட்டினாள். கார் குளிருக்குக் கிளம்பவில்லை என்று பதில் வந்தது. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் வற்றிக் கிட்னி இரண்டும் செத்துவிட்டன, காலையிலேயே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். பனி அடங்கி மாசிக் கடைசியில் வீட்டுக்கு வந்ததிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலையில் முத்துக்காளையைக் கீழே கூட்டிப்போய் ரத்தம் சுத்தம் செய்து கூட்டிவர வேண்டும். ஒரு முறை தப்பினால் முகம் வீங்கும். இரண்டு முறை தப்பினால் ஆள் இருக்கமாட்டார். தவமணிதான் கூட்டிப்போகிறாள். கைநீட்டி ஒன்றும் வாங்குவதில்லை. ஊரே அவளைப் புகழ்ந்தது. புகழும்போதெல்லாம் அவள் தரையைப் பார்த்தாள். அதற்கும் சேர்த்துப் புகழ்ந்தார்கள்.

வெயில் காலம் போய், ஆடிச் சாரல் போய், புரட்டாசி கடைசியில் செவந்திக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பனி வந்தால் வண்டி மறுபடியும் நின்றுபோகுமே, நின்றுபோனால் மனுஷன் என்ன ஆவார் என்று பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பினாள். ஊரும் தவமணியை நெருக்கியது. அவள் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் பார்த்துவிட்டு, கடைசியில் செவந்தியையும் ஏற்றிக்கொண்டு சூசைமாணிக்கத்தின் கொட்டகைக்கு வந்தாள்.

"குளிருக்குக் கெளம்ப மாட்டேங்குதுண்ணே" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

சூசைமாணிக்கம் சாதாரணப்பட்ட ஆள் இல்லை. சத்தத்தைக் கேட்டே சீக்கு சொல்கிறவர் என்று மூன்று மலைக்குப் பெயர் பரவியிருந்தது. வளைவில் வருகிற லாரியின் இரைச்சலைக் கேட்டு, டீக்கடையில் உட்கார்ந்தபடியே, பின் சக்கரத்து பேரிங் போச்சு என்று சொல்லி, அது அப்படியே இருந்ததைப் பார்த்து டிரைவர் கும்பிட்டுப் போனதுண்டு. அந்தப் பெயர் அவருக்கு இரண்டாவது சட்டை மாதிரி, கழற்றிப் பழக்கமில்லை. காரை வாங்கி, ஓடைக்கரையில், பனி முதலில் விழுகிற திட்டில் நிறுத்தி வைத்தார். விடியற்காலையில் போய்ச் சாவியைத் திருப்பினார். பாதித் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. மறுநாளும் பிடித்தது. மூன்றாம் நாள் பானட்டின் மேல் நனைத்த சாக்கைப் போர்த்தி வைத்துப் பார்த்தார், அதற்கும் பிடித்தது. பேட்டரியைப் பார்த்தார், டீசல் வருகிற குழாயில் காற்று ஏறுகிறதா என்று பார்த்தார், பம்ப்பைப் பார்த்தார், வால்வு இடைவெளியைப் பார்த்தார். ஒரு குற்றமும் இல்லை. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் மாதிரி நின்றது கார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வண்டி வேண்டியிருந்ததால் மூன்றாம் நாள் சாயங்காலமே இரண்டு பெண்களும் வந்தார்கள். "கண்டுபிடிச்சிட்டீங்களாண்ணே?" என்று கேட்டாள் செவந்தி. அவள் கண்ணில் ஒரு உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வண்டியில் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை தாயி என்று சொல்லியிருக்கலாம், ஆறே வார்த்தைதான், அந்த ஆறு வார்த்தை அவர் வாயில் வரமாட்டேன் என்றது. "ஹீட்டர் பிளக்கு" என்றார்.

தவமணி சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். நம் திறமையைப் பார்த்து மலைத்துப்போனாள் என்று நினைத்துக்கொண்டார் சூசைமாணிக்கம்.

டீசல் எஞ்சினுக்குள் விரல் நீளத்தில் நாலு கம்பிகள் உண்டு. குளிர்காலத்தில் சாவியைப் போட்டதும் அவை சிவக்கச் சூடேறி, உள்ளே இருக்கிற குளிரை முறித்து, எஞ்சினை எழுப்பிவிடும். அந்த நாலில் ஒன்றைக் கழற்றி, "பாத்தீங்களா, செத்துப்போச்சு" என்று தூக்கிக் காட்டினார். அது சாகவில்லை. ஆனால் செத்தது என்று சொன்ன பிறகு அதையே எப்படித் திரும்ப மாட்டுவது? இரண்டு பெண்களும் நகராமல் நிற்கிறார்கள். கொட்டகையில் புதிது இல்லை. பின்னால் மழையில் கிடந்த ஓர் உடைந்த வேனிலிருந்து துருப்பிடித்த நாலைப் பிடுங்கி, தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டினார். அடுத்த வாரம் கீழே போகும்போது புதிதாக வாங்கி வந்து யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தார். கழற்றிய நல்ல நாலையும் ஒரு எண்ணெய்த் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவை அங்கேயே இருந்தன.

ஐப்பசி இரண்டாம் வாரம், முதல் பனி விழுந்த செவ்வாய்க்கிழமை காலை, கார் கிளம்பவில்லை. இந்தத் தடவை உண்மையாகவே கிளம்பவில்லை. பின்சீட்டில் முத்துக்காளை கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருக்க, பக்கத்தில் செவந்தி சாமியையெல்லாம் கூப்பிட, எட்டு ஆம்பிளைகள் மேட்டைப் பார்த்துத் தள்ளினார்கள். பத்தடி ஏறும், பன்னிரண்டடி இறங்கும். சின்னக்கருப்பன் என்கிற பூண்டுக்காரர் மூச்சு வாங்கிப் பானட்டின் மேல் சாய்ந்து, யாரிடம் என்றில்லாமல், "எனக்கு இது வேணும். எந்தங்கச்சி விதைப்பூண்டு கேட்டப்ப சொத்தையாப் பொறுக்கிக் குடுத்தவன்தான நான். அவ அதையும் கும்புட்டு வாங்கிட்டுப் போனா" என்றார். சொல்லி முடித்ததும் அவர் முகம் காது வரைக்கும் சிவந்தது. எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது.

வெள்ளிக்கிழமையும் அப்படியே. இந்தத் தடவை பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா, பெரிய வகுத்தல் கணக்கு தனக்கே வராது, பின்பக்கத்து விடையைப் பார்த்துத்தான் போடுகிறேன் என்று சொன்னாள். கார் கிளம்பிவிட்டது. மூன்றாவது தடவைக்கு ஊர் கூடிவிட்டது. சூசைமாணிக்கத்தைக் கூப்பிட்டு, "நீங்கதான் வெவரமானவரு, எது பிடிக்குது எது பிடிக்கலைன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்கள். கூனிக் குறுகிப்போய் அவரும் பார்த்தார். வேறு வழியில்லாமல், சீக்கு பார்க்கிற முறைப்படி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

அடுத்தவன் வெட்கத்தைச் சொன்னால் பிடிக்காது. கீழத்தெரு வெள்ளத்தாய் தன் மாமியார் சங்கதி ஒன்றைச் சொல்லப்போக, கார் கரும்புகையைக் கக்கி அவள் சேலையை நாசமாக்கியது. பெருமையை வெட்கம் மாதிரி சொன்னாலும் பிடிக்காது. வெட்கம் போதாவிட்டால் ஒரு இருமல் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். கேட்கிற காதுக்கு அது புதிதாக இருக்க வேண்டும் என்பது கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது. செவந்தியின் அண்ணன் பெண்டாட்டி ஒருநாள் அழுது அழுது ஒன்றைச் சொல்ல, கார் அசையவே இல்லை, இருமக்கூட இல்லை, அது செவந்திக்கு முன்பே தெரிந்த விஷயம். செவந்தி கீழே இறங்கி நின்றதும் அடுத்த திருப்பில் பிடித்துக்கொண்டது. வண்டிக்குள் இருக்கிற காதுகள் மட்டும்தான் கணக்கு, அதில் ஒரு காதுக்குத் தெரிந்திருந்தாலும் வண்டி சுத்தமாகக் கல்லாகிவிடும் என்று சூசைமாணிக்கம் தீர்ப்புச் சொன்னார். பனி ஏற ஏற வெட்கமும் பெரிதாக வேண்டியிருந்தது. ஐப்பசிக்கு விதைப்பூண்டு போதும். மார்கழிக்கு அது காணாது.

ஊர் அதற்கொரு முறை வைத்தது. வாய்க்கால் தண்ணீருக்கு வீட்டுக்கு வீடு முறை உண்டல்லவா, அதே முறைதான், கிழக்கே ஆரம்பித்து மேற்கே முடிவது. சொல்கிறவர் காருக்கு முன்னால் நிற்க வேண்டும். கூட வந்தவர்கள் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, வயலைப் பார்த்தபடி, காதில் எதுவும் விழாதபடி கனைத்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே இருக்கிற மூன்று பேரும் கேட்டதை வெளியே விடக்கூடாது. தவமணி சாவியைப் பிடிப்பதால் அவளுக்கு முறை கிடையாது. முத்துக்காளையும் செவந்தியும் நோயில் அடிபட்டவர்கள், அவர்களுக்கும் கிடையாது. இப்படியாக அந்தக் குளிர்காலத்தில் கிண்ணக்குழி தன் அழுக்கையெல்லாம் ஒரு பானட்டின் மேல் கொட்டியது. பக்கத்து வீட்டுக்காரி பூண்டு அழுக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, அது அழுகியதும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதவள் சொன்னாள். செத்துக்கொண்டிருந்த அப்பன் தண்ணீர் கேட்டபோது தூங்குவதுபோல் கிடந்தவன் சொன்னான். பொன்னையா என்கிற எண்பது வயதுக்காரர் வந்து நின்று, யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, தனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றார். ஊரே சொல்லும்போது தான் மட்டும் வெறுங்கையோடு வந்து நிற்கிறோமே என்று அவருக்கு அப்படி ஒரு வெட்கமாகிவிட்டது. அதிலேயே கார் பிடித்துக்கொண்டது.

சொன்னவர்கள் இரண்டு நாள் தலை நிமிராமல் திரிந்தார்கள். அப்புறம் நிமிர்ந்தார்கள். சின்னக்கருப்பன் தங்கச்சி வீட்டுக்கு நல்ல விதையாக ஒரு மூட்டை போனது. மாதம் ஒருமுறை மலையேறி வரும் பாதிரியார், பாவசங்கீர்த்தனத்துக்கு ஆளே வருவதில்லையே, என்ன எல்லோரும் திருந்திவிட்டார்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சூசைமாணிக்கத்துக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. நாலு பிளக்கும் அவர் நெஞ்சுக்கு மேலேதான் இருந்தன. ஒருநாள் யாரும் இல்லாத வேளையில் போய் அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். எத்தனை தடவை கிளம்பியிருப்பார். ஆனால் மாற்றினால் கார் தானாகக் கிளம்பும். தானாகக் கிளம்பினால் முன்பு ஏன் கிளம்பவில்லை என்று கேட்பார்கள். அதுவரை வாய்விட்டுச் சொன்னவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? இந்த வாரம் போகட்டும், இந்த முறை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்காவது இலைதான் பிரச்சினை. இவர் ஓர் உயிரையே ஊராரின் வெட்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மேற்குக் கடைசி வீடு அவருடையது.

மார்கழி இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை அவர் முறை வந்தது. புல்லெல்லாம் வெள்ளை, கார் கூரையில் உறைபனி உப்புக் கொட்டியது போல் நின்றது. செவ்வாய்க்கிழமை ரோட்டில் மரம் விழுந்து போக முடியாததால் ஒரு தடவை தப்பிவிட்டிருந்தது. முத்துக்காளையின் முகம் வீங்கிக் கண் இடுங்கிக் கிடந்தது, மூச்சு விடுகிற சத்தம் கண்ணாடிக்கு வெளியே கேட்டது. ஊரார் திரும்பி நின்று கனைத்தார்கள்.

சூசைமாணிக்கம் சின்னதில் ஆரம்பித்தார். "நான் பத்தாவது பாஸ் இல்ல. பாஸுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்" என்றார். கார் ஒருமுறை இருமியது. அவ்வளவுதான்.

"வேற சொல்லுங்கண்ணே, பேட்டரி எறங்குது" என்றாள் தவமணி.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "உங்க வண்டியில சீக்கு என்னன்னு நான் கண்டுபிடிக்கவே இல்ல. மூணு நாள் பாத்தேன், ஒண்ணும் தெரியல. தெரிஞ்ச மாதிரி பொய் சொன்னேன்."

முப்பது வருஷப் பெயர் அது. தவமணி சாவியைத் திருப்பினாள். கார் அசையவில்லை. இருமக்கூட இல்லை. கல்லாக நின்றது. தவமணி ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் இவளுக்கு இது முன்பே தெரியும், அன்றைக்கே நம்மைக் கண்டுகொண்டுவிட்டாள், தெரிந்தும் இத்தனை நாள் நம்மை அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்கு உள்ளங்கால் வரைக்கும் கூசியது. பின்சீட்டில் செவந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சட்டைப் பைக்குள் கையை விட்டு, எண்ணெய்த் துணியைப் பிரித்து, நாலையும் பானட்டின் மேல் வரிசையாக வைத்தார். "இது உங்க வண்டியோடது. நல்லா இருந்துச்சு. இத எடுத்துட்டு, செத்ததக் கொண்டாந்து மாட்டினேன். ஊரு சொன்னதெல்லாம் என்னாலதான் சொன்னுச்சு. இந்த மனுசன் இப்பிடிக் கெடக்கறதும் என்னாலதான். எம்பேரு போயிரும்னு பாத்தேன், இவரு உசிரு போயிரும்னு பாக்கல" என்றார்.

எஞ்சின் பிடித்தது. பானட் நடுங்கியதில் நாலு பிளக்கும் உருண்டு அவர் காலடியில் விழுந்தன. தவமணி வண்டியை மேட்டில் ஏற்றினாள்.

அன்று சாயங்காலம் கார் வந்ததும் நல்ல நாலையும் மாட்டினார். பிறகு, யாரும் கேட்பதற்கு முன்னால், டீக்கடைக்குப் போய் எல்லோரிடமும் சொன்னார். அடிப்பார்கள், காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனார். யாரும் அடிக்கவில்லை. சின்னக்கருப்பன் மட்டும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நாங்க சொன்னதெல்லாம் எதுக்குண்ணே?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை பாதித் திருப்பில் கார் கிளம்பிவிட்டது. பழக்கத்தில் வந்து முதுகைக் காட்டி நின்ற ஐந்தாறு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் கலைந்துபோனார்கள். அதுவரை முத்துக்காளைக்காகச் சொன்னோம் என்று இருந்தது. அந்தப் போர்வை போன பிறகு சொன்னது மட்டும் மிச்சமாக நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள். சூசைமாணிக்கம் கொட்டகைக் கதவைப் பாதி சாத்தியே வைத்திருந்தார்.

வியாழக்கிழமை வெயில் தாழ்கிற நேரத்தில் தவமணி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்த நாலையும் கழட்டிருங்கண்ணே. பழசையே மாட்டுங்க."

அவருக்குப் புரியவில்லை. "என்ன தாயி சொல்ற? பனி கொட்டுது. முத்துக்காளை போக வேணாமா?"

"போவாரு. பிடிக்கும். பிடிக்கிற அளவுக்கு எங்கிட்ட இருக்கு."

"சொல்லணும்னா சும்மாவே சொல்லலாமே, வண்டி எதுக்கு?"

"ஒரு வருஷமா சும்மா சொல்லத்தாண்ணே பாக்கறேன், வாய் வரமாட்டேங்குது. எல்லாரும் அவரு ஆஸ்பத்திரி போகணும்னு சொன்னாங்க. நானும் அப்பிடித்தான் சொல்லணும்." கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். "நீங்க சாவியப் பிடிங்க. நீங்க கேட்டா எனக்குப் பரவால்ல."

வெள்ளிக்கிழமை விடியலில் துருப்பிடித்த நாலையும் மாட்டிவிட்டு, நல்லதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். தவமணி காருக்கு முன்னால் நிற்பதைப் பார்த்த ஊர், ஒன்றும் கேட்காமல், வாசல் வாசலாக எழுந்து வந்து, முதுகைக் காட்டி நின்று கனைக்க ஆரம்பித்தது. பொன்னையாகூடத் தடியை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். பின்சீட்டில் முத்துக்காளை கம்பளிக்குள் கண்ணை மூடியிருந்தார்.

தவமணி பின்சீட்டைப் பார்த்துத்தான் பேசினாள். "செவந்தி, அன்னைக்கு நீ கதவத் தட்டுனப்ப நான் வண்டியத் தொடவே இல்ல. போர்வைக்குள்ள இருந்தேன். கதகதன்னு இருந்துச்சு. எந்திரிக்க மனசில்லாம, வண்டி கெளம்பலடின்னு படுத்துக்கிட்டே சொன்னேன். நீ போனப்பறம் படுக்க முடியல. போயி சாவியப் போட்டேன். ஒரே திருப்புல பிடிச்சிருச்சு. அப்பவே பின்னாடி வந்து ஏத்தியிருக்கலாம். வந்தா நான் சொன்னது பொய்னு தெரிஞ்சு போயிருமேன்னு," அவள் உதடு கோணிக்கொண்டது, "அணைச்சிட்டுப் போயிப் படுத்துட்டேன்."

கனைப்புச் சத்தம் மட்டும் கேட்டது. சூசைமாணிக்கத்துக்கு அன்றைய ஓடைக்கரை மூன்று காலையும் ஞாபகத்துக்கு வந்தது. இல்லாத சீக்கைத்தான் தேடியிருக்கிறோம். அது இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அன்றைக்கு நாம் சொன்ன முதல் பாதிக்கு வண்டி கல்லாக நின்றது. எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. சாவியைத் திருப்பினார்.

கார் அசையவில்லை.

மறுபடி திருப்பினார். இருமல்கூட இல்லை. தவமணி இரண்டு கையையும் பானட்டின் மேல் ஊன்றிக்கொண்டாள். இதற்கு மேல் தன்னிடம் ஒன்றும் இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. சூசைமாணிக்கம் சீக்கு பார்க்கிறவர். கை தானாக நின்றது, மனசு ஒவ்வொன்றாகக் கழித்தது. இருமினால் வெட்கம் போதவில்லை. இருமவில்லை. கல்லாக நிற்கிறது. கல்லாக நின்றால் உள்ளே ஒரு காதுக்கு முன்பே தெரியும். நமக்குத் தெரியாது. செவந்தியைப் பார்த்தார், அவள் வாய் திறந்தபடி, ரத்தமெல்லாம் வடிந்த முகத்தோடு இருந்தாள், அவளுக்கும் தெரியாது. பிறகு கண்ணாடியில் முத்துக்காளையைப் பார்த்தார். முத்துக்காளை கண்ணைத் திறந்திருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார் முத்துக்காளை. அவர் குரலை ஊர் கேட்டு வெகுநாளாகியிருந்தது. "மூணாவது வளைவு ஏறயில, டோலில கெடந்தேன். தூக்குனவங்களுக்கு மூச்சு வாங்குச்சு, அவங்க காதுல விழுகல. எனக்குக் கேட்டுச்சு. வண்டி பிடிச்சதும் கேட்டுச்சு. அணைச்சதும் கேட்டுச்சு."

செவந்தி அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்கிட்டகூடச் சொல்லல. ஏன்னு கேளு. சொல்லிட்டா இந்தத் தவமணி அழுதுட்டுப் போயிரும். சொல்லாம இருந்தா வாரத்துக்கு ரெண்டு நாளு, எம்முன்னாடி தலையக் குனிஞ்சுக்கிட்டே வண்டி ஓட்டும். அந்தக் குனிஞ்ச தலைய நான் பின்னாடி உக்காந்து பாப்பேன். பாக்க எனக்கு நல்லா இருந்துச்சு. ஊருல ஒவ்வொருத்தரும் வந்து அழுதாங்க, எல்லாத்தையும் கேட்டுட்டு, நோயாளி மாதிரி கண்ண மூடிக்கிட்டேன்." வீங்கிய முகத்தில் ரத்தம் ஏறிச் சிவந்தது. "எனக்கும் முறை இருந்திருக்கணும். நோயச் சாக்கு வச்சுத் தட்டிக் கழிச்சேன்."

சூசைமாணிக்கம் சாவியைத் திருப்பினாரா என்பது அவருக்கே பிற்பாடு ஞாபகம் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

செவந்தி கதவைத் திறந்து இறங்கினாள். நடந்து போய்த் தவமணிக்கு முன்னால் நின்றாள். கை ஓங்குவாள் என்று நினைத்து சூசைமாணிக்கமும் இறங்கினார். செவந்தி ஓங்கவில்லை, தொடவும் இல்லை, அவளை மேலும் கீழும் பார்த்தாள், பிறகு காருக்குள் இருக்கிற தன் புருஷனையும் அதே மாதிரி பார்த்தாள்.

"ஏறி ஓட்டு" என்றாள். "எட்டு மணிக்கு மேல போனா பெட்டு கெடைக்காது. மிச்சத்த வந்து பேசிக்கலாம்."

தவமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். செவந்தி பின்சீட்டுக்குப் போகவில்லை, முன்பக்கமே ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். கார் மேட்டில் ஏறியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. அது கிண்ணம் போன்ற ஊர். மேலே எழுகிற சத்தம் கீழே வரும், கீழே எழுகிற சத்தம் மேலே போகும். மூன்றாவது வளைவில் எஞ்சின் சத்தம் பக்கத்தில் நிற்கிற மாதிரி அத்தனை தெளிவாகக் கேட்டது. சத்தத்தைக் கேட்டே சீக்கு சொல்கிற நாம், இத்தனை வருஷமாக இதைக் கேட்டும், டோலியில் கிடந்தவருக்கும் கேட்டிருக்குமே என்று யோசிக்கவில்லையே என்று நினைத்தபோது சூசைமாணிக்கத்துக்கு மறுபடியும் முகம் சுட்டது.

பூண்டு வயலைப் பார்த்தபடி ஊர் இன்னும் முதுகைக் காட்டித்தான் நின்றுகொண்டிருந்தது. கனைப்பு மட்டும் நின்றிருந்தது.

"திரும்பலாமாண்ணே?" என்று கேட்டார் சின்னக்கருப்பன், திரும்பாமலே.

சூசைமாணிக்கம் பைக்குள் இருந்த நாலு பிளக்கையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் வண்டி வந்ததும் மாட்ட வேண்டும்.

"திரும்பலாம்" என்றார்.